பிரௌசர் அப்டேட்டுக்குப் பிறகு பாடம் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நேற்று வரை ஓடிய எழுத்து விளையாட்டு இன்று வெறும் சாம்பல் நிறக் கட்டமாக நிற்கிறது. பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது பிரௌசர். குரோமும் ஃபயர்ஃபாக்சும் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிடுகின்றன. 2021 வரை குரோமுக்கு அது ஆறு வாரமாக இருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் ஏதோ ஒரு பழைய வசதி இறுக்கப்படுகிறது, அல்லது எடுக்கப்படுகிறது. நம் பக்கத்துக்குள் நாமே எழுதியவை பெரும்பாலும் தப்பித்துவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து பதித்தவைதான் முதலில் அடிபடும்: வினாடி வினா, வரைபடம், நேரலை வீடியோ, ஒலியோடு கூடிய பாடம்.

மொரீசியஸில் கோயில் தளங்களையும் மாலைத் தமிழ் வகுப்புகளின் தளங்களையும் பெரும்பாலும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களுமே பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே பல வீடுகளில் பேச்சு கிரியோலில்தான் நடக்கிறது. வகுப்பும் கோயிலும் விட்டால் பிள்ளையின் காதில் தமிழ் விழுவது இப்படிப்பட்ட பாடங்களில்தான். அது வேலை செய்யவில்லை என்றால் அந்த வாரம் அந்தப் பிள்ளை 'ழ'வைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். அதனால் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

ஒரு வேண்டுகோள். அப்டேட்டை நிறுத்தி வைப்பதையும் பழைய பிரௌசரைத் தேடி நிறுவுவதையும் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே அப்டேட்டில்தான் பாதுகாப்பு ஓட்டைகளும் அடைக்கப்படுகின்றன. பிள்ளை பாடம் படிக்கும் அதே கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கும் பார்க்கிறார்.

எதைத் தொடுவதற்கும் முன்

பதித்த பொருளின் சொந்த முகவரியைக் கண்டுபிடித்துத் தனித் தாவலில் திறந்து பாருங்கள். பாதி நோய் இந்த ஒரு சோதனையிலேயே பிடிபட்டுவிடும். தனியாகத் திறந்தால் ஓடுகிறது, நம் பக்கத்துக்குள் மட்டும் ஓடவில்லை என்றால், சிக்கல் இரண்டு தளங்களுக்கும் நடுவில் இருக்கிறது: குக்கி (தளம் நம்மை நினைவில் வைக்கப் பிரௌசரில் விடும் சிறு குறிப்பு), அனுமதி, பதிக்கத் தடை, இவற்றில் ஒன்று. தனியாகவும் ஓடவில்லை என்றால் அந்தப் பொருளே பழசாகிவிட்டது, அல்லது அந்தக் கருவியில் ஏதோ கோளாறு.

முகவரி தெரியாவிட்டால் கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, 'எலிமென்ட்ஸ்' பகுதியில் 'ஐஃப்ரேம்' (வெளித்தளத்தை நம் பக்கத்துக்குள் பதிக்கும் கட்டம்) என்று தேடுங்கள். அதன் 'எஸ்ஆர்சி' மதிப்புதான் முகவரி. அங்கேயே 'கன்சோல்' பகுதியில் சிவப்பில் இருக்கும் வரிகளையும் படித்துவிடுங்கள். ஆங்கிலமாக இருந்தாலும், எது எதைத் தடுத்தது என்று பெரும்பாலும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கும்.

அப்புறம் தனிப்பட்ட சாளரத்தில் ஒரு முறை திறந்து பாருங்கள். அதில் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரௌசரில் நாம் சேர்த்த துணைக் கருவிகள், பொதுவாக இயங்காது. அங்கே ஓடினால், விளம்பரத் தடுப்பானோ பழைய கேஷோ (பிரௌசர் சேமித்து வைத்த பக்க நகல்) காரணமாக இருக்கலாம். அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழித்தால் போதும், எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். பிள்ளையின் மதிப்பெண் பிரௌசரிலேயே சேமிக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பதால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலருடைய பிரௌசர் பிரெஞ்சில் இருக்கும், சிலருடையது ஆங்கிலத்தில். அதனால் நான் மெனுவின் பெயரைவிட அது இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். இடம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

அறிகுறி: சாம்பல் கட்டம், 'இந்தச் செருகுநிரல் இயங்காது' என்ற செய்தி

இது பெரும்பாலும் ஃப்ளாஷ், அதாவது அசையும் பாடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டப் பிரௌசரில் தனியாகச் சேர்த்த பழைய துணை மென்பொருள். 2000களில் செய்த தமிழ்ப் பாடங்களில் நிறைய ஃப்ளாஷில்தான் இருக்கின்றன. அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே முடிவுத் தேதியை அறிவித்துவிட்டது. 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. அதே மாதம் வந்த குரோம் 88, ஃபயர்ஃபாக்ஸ் 85 இரண்டிலும் ஃப்ளாஷ் முற்றிலுமாக நீக்கப்பட்டது. ஜாவா ஆப்லெட், சில்வர்லைட் ஆகியவற்றின் கதை இன்னும் முன்னாலேயே முடிந்துவிட்டது: குரோமில் 2015, ஃபயர்ஃபாக்சில் 2017.

பார்ப்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 'ஃப்ளாஷ் பிளேயரை இறக்குங்கள்' என்று எந்தத் தளம் சொன்னாலும் இறக்காதீர்கள். இன்றைக்கு அப்படிக் கிடைப்பதில் பெரும்பகுதி வைரஸ்தான்.

பக்கத்தை நடத்துபவருக்கு நல்ல செய்தி உண்டு. 'ரஃபிள்' என்று ஒரு இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. பக்கத்தில் அதன் ஸ்கிரிப்டை ஒரே வரியாகச் சேர்த்தால், 'எஸ்டபிள்யூஎஃப்' என்ற பழைய ஃப்ளாஷ் கோப்பைச் செருகுநிரல் இல்லாமலே பிரௌசருக்குள் ஓட்டிக் காட்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் ஃப்ளாஷ் சேகரிப்புக்கு 2020 நவம்பரிலிருந்து இதைத்தான் பயன்படுத்துகிறது. ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்சன்ஸ்கிரிப்ட் 1, 2இல் எழுதிய பாடங்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். 3இல் எழுதியவை சில ஓடும், சில பாதியில் நிற்கும். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ரஃபிளைச் சேர்த்தும் கட்டம் காலியாக இருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, சர்வர் ரஃபிளின் 'வாஸ்ம்' வகைக் கோப்பைச் சரியான வகைப் பெயரோடு அனுப்புகிறதா என்பது. மலிவான ஹோஸ்டிங்கில் இதைக் கையால் சேர்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பாடம் தனக்குத் தேவையான படத்தையும் ஒலியையும் வேறு கோப்புறையிலிருந்து எடுக்கிறதா என்பது. தளத்தை இடம் மாற்றும்போது அந்தக் கோப்புறைகள் விட்டுப்போயிருக்கலாம்.

எழுத்துரு வேறு கதை. பாடத்துக்குள்ளேயே எழுத்துருவைப் பதித்திருந்தால் தமிழ் அழகாகத் தெரியும். கணினியில் இருந்த எழுத்துருவை நம்பிச் செய்திருந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். அதை ரஃபிளால் சரிசெய்ய முடியாது. மூலக் கோப்பைத் திறந்து எழுத்தை மாற்ற வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன்: பழைய எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளை, 'எஃப்எல்ஏ' மூலக் கோப்புகளை, ஒலிப்பதிவுகளை யாரும் அழிக்காதீர்கள். ஓடவில்லை என்பதற்காகக் குப்பையில் போட்டால், அதில் பேசிய பெரியவர்களின் குரலும் போய்விடும். ஒரு பென் டிரைவில், இன்னொரு இடத்தில் என்று இரண்டு பிரதி வையுங்கள். புதிதாகச் செய்வதாக இருந்தால் 'எச்5பி' என்ற இலவசக் கருவியைப் பாருங்கள். இழுத்துப் பொருத்துவது, கோடிட்ட இடம் நிரப்புவது, ஒலி கேட்டுப் பதில் சொல்வது எல்லாம் அதில் செய்யலாம். பழைய ஒலிப்பதிவையே அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: படம் வருகிறது, சத்தம் வரவில்லை

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த அறிகுறிதான். பிள்ளை வாழைப்பழத்தின் படத்தைத் தொடுகிறது, படம் குதிக்கிறது, குரல் மட்டும் இல்லை. ஒலியே பாடமாக இருக்கும் இடத்தில் இது முழு இழப்பு.

காரணம் இது. பயனர் தொடாமல் ஒலியோடு எதுவும் தானாக ஓடக்கூடாது என்று பிரௌசர்கள் முடிவு செய்தன. சஃபாரி 2017இல், குரோம் 66 2018 ஏப்ரலில், ஃபயர்ஃபாக்ஸ் 66 2019 மார்ச்சில் இந்த விதியைக் கொண்டுவந்தன. விளையாட்டுகள் பயன்படுத்தும் 'வெப் ஆடியோ' என்ற ஒலி வசதிக்கும் குரோம் அதே விதியை வைத்தபோது நிறைய விளையாட்டுகள் ஊமையாகிவிட்டன. புகார் எழுந்ததும் அந்தப் பகுதியை மட்டும் தள்ளிவைத்து, 2018 டிசம்பரில் குரோம் 71இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் செய்த பாடங்கள் பக்கம் திறந்த உடனேயே ஒலிப்பொறியை இயக்கப் பார்க்கும். பிரௌசர் அதை நிறுத்தி வைத்துவிடும். பிறகு யாரும் அதை எழுப்புவதில்லை.

'என் கணினியில் நன்றாகக் கேட்கிறதே' என்று ஆசிரியர் சொல்வார். அது பொய்யில்லை. கணினிக் குரோமில், ஒருவர் ஒரு தளத்தில் எவ்வளவு ஒலியும் வீடியோவும் ஓட்டியிருக்கிறார் என்ற கணக்கு உண்டு. அடிக்கடி ஓட்டும் தளத்துக்குத் தானியங்கி அனுமதி கிடைத்துவிடும். பாடத்தைச் செய்தவர் அதை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்திருப்பார், அவருக்குக் கேட்கும். முதல் முறை திறக்கும் பிள்ளைக்குக் கேட்காது. ஆகவே, இதைச் சோதிக்கும்போது பிரௌசரில் புதிதாக உருவாக்கிய பயனர் கணக்கில் சோதியுங்கள்.

பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியவை எளிது. தாவலை வலது கிளிக் செய்து தளம் மௌனமாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள மௌன விசையைப் பாருங்கள். அது மௌனத்தில் இருந்தால் வீடியோவின் ஒலி கேட்கும், வெப் ஆடியோவில் செய்த விளையாட்டின் ஒலி மட்டும் கேட்காது. 'யூடியூப் கேட்குதே, இது மட்டும் ஏன் கேட்கல' என்று குழம்புகிறவர்களில் பலருக்கு இந்த விசைதான் காரணம்.

பக்கத்தை நடத்துபவருக்கு: பாடத்தின் முதல் திரையில் 'தொடங்கு' என்று பெரிய பொத்தான் வையுங்கள். அதைத் தொடும் அந்த நொடியில் ஒலிப்பொறியின் 'ரெஸ்யூம்' கட்டளை ஓட வேண்டும். பொத்தான் பதித்த கட்டத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளிப் பக்கத்தில் தொட்டது, வேறு தளத்திலிருந்து வரும் கட்டத்துக்குத் தானாகக் கணக்கில் சேராது. வெளிப் பக்கத்துத் தொடுதலும் போதும் என்று ஆக்க வேண்டுமானால், ஐஃப்ரேமில் 'அலவ்' என்ற பண்பில் 'ஆட்டோபிளே' என்று எழுதுங்கள். இருந்தாலும் பொத்தான் வைப்பதுதான் நம்பகமானது என்பது என் கருத்து. பிள்ளைக்கும் தயாராக ஒரு நொடி கிடைக்கும்.

அறிகுறி: எழுத்தை இழுத்தால் பக்கம் நகர்கிறது

கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் மட்டும் வருவது. 'க'வுக்கு இடப்பக்கம் கொம்பை இழுத்து வைத்தால் 'கெ' ஆக வேண்டும். பிள்ளை கொம்பில் விரலை வைத்து இழுக்கிறது, கொம்பு அசையாமல் பக்கம் முழுவதும் மேலே போகிறது. 2017இல் குரோம் 56 வந்தபோது, ஸ்க்ரோல் தங்குதடையில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காக, பக்க அளவில் தொடுதலைக் கவனிக்கும் நிரல்கள் ஸ்க்ரோலை நிறுத்த முடியாதபடி இயல்புநிலையை மாற்றினார்கள். அதற்கு முன் எழுதிய இழுவை விளையாட்டுகளுக்கு இதுதான் நோய்.

மருந்து சின்னது. இழுக்கும் எழுத்துக்கட்டைக்கு 'டச்-ஆக்சன்' என்ற சிஎஸ்எஸ் விதியில் 'நன்' என்ற மதிப்பைக் கொடுங்கள். தொடுதல் நிகழ்வைப் பதிவு செய்யும் இடத்தில் 'பாசிவ்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அந்த விதியை எழுத்துக்கட்டைக்கு மட்டும் கொடுங்கள். முழுக் கட்டத்துக்கும் கொடுத்துவிட்டால், கைப்பேசியில் அதைத் தாண்டிக் கீழே போக வழியே இருக்காது.

அறிகுறி: திரும்பத் திரும்ப லாகின் கேட்கிறது, மதிப்பெண் பதிவாகவில்லை

தனியாகத் திறந்தால் சரியாக இருக்கும், பக்கத்துக்குள் மட்டும் மறந்துபோகும். இது குக்கிச் சிக்கல்.

2020 பிப்ரவரியில் குரோம் 80, வேறு தளத்துக்குள் பதிக்கப்பட்ட பொருள் தன் குக்கியைப் பெற வேண்டுமானால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்றது. குக்கியில் எழுத வேண்டிய குறிப்பு இது: 'சேம்சைட்' மதிப்பு 'நன்', கூடவே 'செக்யூர்'. கொரோனா காலத்தில் முக்கியமான தளங்கள் உடையக்கூடாது என்று ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்று, ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். சஃபாரி 2020 மார்ச் முதல் அந்தக் குறிப்பு இருந்தாலும் வெளித்தளக் குக்கிகளை முழுவதும் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கி ஜாடி வைக்கிறது. குரோம் வெளித்தளக் குக்கிகளை ஒழிக்கப் போவதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்து, 2025 ஏப்ரலில் பயனரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஆனால் 2023இல் குரோம் 115 முதல், பிரௌசரில் சேமிக்கும் தரவு எந்தப் பக்கத்துக்குள் பதிக்கப்பட்டதோ அந்தப் பக்கத்துக்கென்று தனியாகப் பிரிக்கப்படுகிறது. அதனால்தான் ஒரு பக்கத்தில் பாதி முடித்த பாடம், அதையே பதித்த இன்னொரு தளத்தில் முதலிலிருந்து தொடங்குகிறது.

உடனடி வழி, பாடத்தைத் தனித் தாவலில் திறப்பது. கட்டத்துக்குக் கீழே 'புதிய தாவலில் திற' என்று ஓர் இணைப்பு எப்போதும் இருக்கட்டும். நிரந்தர வழி, வினாடி வினாவை உங்கள் தளத்தின் துணை முகவரியிலேயே வைப்பது. அப்போது பிரௌசர் இரண்டையும் ஒரே தளமாகவே பார்க்கும். ஐபோனில் 'தளம் தாண்டிப் பின்தொடர்வதைத் தடு' என்ற சஃபாரி அமைப்பை அணைத்தாலும் வேலை நடக்கும்தான். ஆனால் ஒரு வினாடி வினாவுக்காகப் பெற்றோரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

அறிகுறி: 'இணைக்க மறுத்துவிட்டது'

உடைந்த தாள் போன்ற ஒரு படமும் இந்தச் செய்தியும் வந்தால், பழி அப்டேட்டின் மேல் இல்லை. அந்தத் தளம் தன்னை மற்றவர்கள் பதிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. இணைப்பு மட்டும் கொடுங்கள்.

அறிகுறி: 'முடித்துவிட்டேன்' பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

'உறுதியா?' என்று கேட்கும் பழைய பாணிச் சின்னப் பெட்டியை நம்பிய பாடமாக இருக்கலாம். வேறு தளத்திலிருந்து வரும் ஐஃப்ரேமில் அந்தப் பெட்டிகளை 2021 ஜூலையில் குரோம் 92 நிறுத்தியது. பாட நிரல்களை நடத்துவோர் பலர் எதிர்த்ததால் தள்ளிவைத்தார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். பக்கத்துக்குள்ளேயே உங்கள் சொந்தப் பெட்டியை வரைந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: நேரலையில் 'பிழை 153'

தைப்பூசக் காவடி நாளில் கோயில் தளத்தில் இது வந்தால் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் தவித்துப்போகும். யூடியூப், தன்னை எந்தத் தளம் பதித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறது. அந்தத் தகவல் போகாவிட்டால் இந்தப் பிழை வரும். குரோம் 85 முதல் இயல்புநிலையில் தளத்தின் பெயர் மட்டும் போகும், அதுவே போதும். தளத்தின் பாதுகாப்பு பிளகின் ஏதாவது அந்தத் தகவலை மறைக்கும்படி 'நோ-ரெஃபரர்' என்று வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை 'ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-கிராஸ்-ஆரிஜின்' என்று மாற்றினால் சரியாகிவிடும். காவடிக்கு முந்திய வாரமே சோதித்துவிடுங்கள்.

அறிகுறி: வரைபடம் வெள்ளையாக நிற்கிறது

புயல் காலத்தில், அதாவது நவம்பர் முதல், பலர் தங்கள் தளத்தில் நகரும் காற்று வரைபடத்தைப் பதிக்கிறார்கள். அது வெள்ளையாக நின்றால் மூன்று சாத்தியம். நம் பக்கம் எச்டிடிபிஎஸ், பதித்த முகவரி பழைய எச்டிடிபி: பிரௌசர் ஐஃப்ரேமையே தடுத்துவிடும். முகவரியில் ஓர் 'எஸ்' சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, வரைபடம் 'வெப்ஜிஎல்' என்ற வரைகலை வசதியைக் கேட்கிறது, கணினியின் பழைய கிராபிக்ஸ் டிரைவரைப் பிரௌசர் இப்போது நம்புவதில்லை. டிரைவரைப் புதுப்பியுங்கள். அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில், பிரெஞ்சில் 'சிஸ்தெம்', வன்பொருள் முடுக்கம் அணைந்திருந்தால் திரும்பப் போடுங்கள். மூன்றாவது, 'நான் இருக்கும் இடம்' மட்டும் வேலை செய்யாதது. ஐஃப்ரேமின் 'அலவ்' பண்பில் 'ஜியோலொகேஷன்' என்று எழுதாமல் அது கிடைக்காது.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. புயல் வரைபடத்தை மட்டும் தனியாக வைக்கக்கூடாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அப்படி ஒரு நாளில் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்காரக்கூடாது. வரைபடத்துக்கு மேலேயே, வக்வாவில் உள்ள வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புப் பக்கத்துக்கு வெறும் எழுத்தில் ஓர் இணைப்பு கொடுங்கள். இப்போது எந்த 'கிளாஸ்' புயல் எச்சரிக்கை என்பது எந்தப் பழைய போனிலும் தெரியட்டும்.

அறிகுறி: தமிழ் எழுத்துக்குப் பதிலாக பிரெஞ்சு உச்சரிப்புக்குறி எழுத்துகள்

யூனிகோடு பரவுவதற்கு முன் செய்த பக்கம். எழுத்துரு அப்போது பக்கத்தோடு சேர்ந்து இறங்கியது. ஆனால் அந்த 'ஈஓடி' வகை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடும். அது விண்டோஸ் 10இல் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. எழுத்துரு போனதும் அடியில் இருந்த குறிகள் வெளியே தெரிகின்றன. எழுத்துகள் தொலையவில்லை. பக்கத்தை நகலெடுத்து, டிஸ்கி, டாப் போன்ற எந்தக் குறியாக்கம் என்று பார்த்து, இலவச மாற்றிகளில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் ஒரு தமிழ் ஆசிரியர் கட்டாயம் மெய்ப்புப் பார்க்க வேண்டும். கொம்பு, கால் வரும் இடங்களில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

அறிகுறி: எல்லோருக்கும் ஓடுகிறது, ஒரு வீட்டில் மட்டும் ஓடவில்லை

இது எதிர்ப்பக்கத்துச் சிக்கல்: பாடம் புதுசு, பிரௌசர் பழசு. விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்குக் குரோம் 109தான் கடைசி, 2023 ஜனவரியோடு நின்றது. ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்குக் குரோம் 138 கடைசி. அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த போன் அப்படித்தான் இருக்கும். அந்த வீட்டில் புதுப் போன் வாங்கச் சொல்வது நம் வேலையில்லை. பாடத்தின் ஒலிப்பதிவை எம்பி3 கோப்பாகவும் பக்கத்தில் வையுங்கள். பிரௌசரில் ஓடாவிட்டாலும் வாட்சாப்பில் அனுப்பிக் கேட்கலாம்.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால், பாடத்தைச் செய்தவருக்கு எழுதுங்கள். 'ஓடல' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கருவி, பிரௌசரின் பெயரும் முழுப் பதிப்பு எண்ணும் (அமைப்புகளில் கடைசியாக உள்ள 'பற்றி' பகுதியில் இருக்கும்), தனித் தாவலில் ஓடியதா, கன்சோலின் சிவப்பு வரி, ஒரு படம். கைப்பேசியானால் திரையை வீடியோவாகப் பதிந்து அனுப்புங்கள். விரல் எங்கே தொட்டது, அப்போது என்ன நடந்தது என்பது அதில்தான் சரியாகத் தெரியும்.